போதை இறங்கிய பின்னும் மூளையில் நிற்பது எது?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

(செயற்கைப் போதைப் பொருள்களைக் குறித்துப் பாலக்காட்டு எல்லை ஊர்களிலிருந்தும் இடுக்கி, நகரிப் பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றுள் ஐந்தை இவ்விதழுக்கு எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.)

கேள்வி: எங்கள் பள்ளியில் நடந்த போதை ஒழிப்புக் கூட்டத்தில் பேசியவர், "மெத்தாம்ஃபெட்டமின் போன்ற பொருள்கள் மூளையிலுள்ள புரதங்களையே மாற்றிவிடும்" என்றார். உடனே ஒரு மாணவி எழுந்து, "பருப்பிலும் முட்டையிலும் இருப்பதுதானே புரதம்? அது எப்படி மூளையில் மாறும்?" என்று கேட்டாள். பேசியவரால் விளக்க இயலவில்லை. எனக்கும் தெரியவில்லை. விளக்குவீர்களா?
– தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர், வேலந்தாவளம்

பதில்: மேடையில் இருந்தவரைவிட அந்த மாணவி நன்றாக யோசித்திருக்கிறாள். நாம் உண்ணும் பருப்பின் புரதம் அப்படியே மூளைக்குப் போவதில்லை. அது குடலில் அமினோ அமிலங்களாக உடைகிறது. ஒவ்வொரு செல்லும் அந்த அமிலங்களைத் தன் மரபணுக்களின் குறிப்புப்படி மீண்டும் கோத்து, தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே கட்டிக்கொள்கிறது. நரம்பணுவைப் பொறுத்தவரை புரதம் என்பது சத்துப் பொருள் என்பதைவிட வேலையாள் என்று கொள்வதே பொருந்தும். வெளியிலிருந்து வரும் வேதித் தூதைப் பிடிக்கும் ஏற்பியும் புரதம்தான்; வெளியே சிந்திய தூதுப் பொருளை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும் கடத்தியும் புரதம்தான்; எந்த மரபணுவைத் திறப்பது, எதை மூடுவது என்று உட்கருவில் தீர்மானிப்பதும் புரதம்தான். ஆகவே "புரதம் மாறுகிறது" என்றால், இந்த வேலையாள்களில் சிலர் முடக்கப்படுகிறார்கள், சிலர் கூடுகிறார்கள் அல்லது குறைகிறார்கள், சிலருடைய இடத்தில் வேறு குணமுடையவர்கள் வந்து அமர்கிறார்கள் என்று பொருள்.

இவையெல்லாம் பெரும்பாலும் நடக்கும் இடம் மூளையின் வெகுமதிப் பாதை. 1954இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர், எலியின் மூளையில் சில இடங்களில் மின்முனையைப் பொருத்தி, நெம்பை அழுத்தினால் மின்தூண்டல் கிடைக்குமாறு செய்தபோது, எலி ஓயாமல் அந்த நெம்பை அழுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பாதையின் முக்கியமான தூதுப் பொருள் டோபமின் என்பது பின்னர் தெளிவாயிற்று. நடுமூளையிலிருந்து புறப்படும் நரம்பிழைகள், மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு திரளில் டோபமினைச் சுரக்கின்றன. சுரந்ததைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும் புரதத்துக்கு டோபமின் கடத்தி என்று பெயர். மனிதரில் அது 620 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி.

எல்லையில் வசிப்பவர்களுக்கு வாளையாற்றுச் சோதனைச் சாவடியை வைத்துச் சொல்லலாம். கோகெயின் செய்வது, திரும்பிவரும் லாரிகளின் தடத்தில் தடுப்பை இறக்கிவிடுவது. வெளியே போன டோபமின் உள்ளே வர முடியாமல் வெளியிலேயே தேங்கி நிற்கிறது. மெத்தாம்ஃபெட்டமின் அதைவிட மோசமானது. அது டோபமினைப் போல் வேடமிட்டு அந்தத் திரும்பும் தடத்தின் வழியாகவே உள்ளே நுழைந்து, நரம்பணுவுக்குள் டோபமினைச் சிறு பைகளில் ஏற்றி வைக்கும் இன்னொரு புரதத்தையும் குழப்பி, பைகளிலிருந்து கொட்டிய டோபமினை அதே தடத்தில் எதிர்த்திசையில் வெளியே தள்ளுகிறது. உள்ளே எடுக்க வேண்டிய வாசல் வெளியே விடும் வாசலாகிவிடுகிறது. மாணவிக்கு இவ்வளவு போதும். மிகுதியை அடுத்த கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் மகன் வெளியூரில் படிக்கப் போன இடத்தில் 'மெத்' என்று சொல்லும் பொருளைப் புகைக்கப் பழகிவிட்டான். ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சிகிச்சை மையத்தில் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். முதல் இரண்டு வாரம் தூங்கிக்கொண்டும், விழித்தால் அழுதுகொண்டும் இருந்தான். பிறகு தெளிந்து வீட்டுக்கு வந்தான். "உடம்பில் ஒன்றும் இல்லை" என்று சிறுநீர்ப் பரிசோதனைத் தாளும் கொடுத்தார்கள். அவன் அப்பாவுடன் தோப்பு வேலைக்குப் போனான். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். மூன்றாவது மாதம் கோயம்புத்தூர் பஸ்ஸில் போகும்போது ஒரு நிறுத்தம் வந்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கிவிட்டது. கேட்டால், "எனக்கு ஆசையே இல்லையம்மா" என்கிறான். பொய் சொல்கிறானா? மருந்து போன பிறகும் உள்ளே என்னதான் இருக்கிறது?
– கொழிஞ்சாம்பாறை அருகிலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பரிசோதனைத் தாளும் பொய் சொல்லவில்லை. மெத்தாம்ஃபெட்டமின் இரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 10 முதல் 12 மணி நேரம்தான் ஆகும். சில நாள்களில் சிறுநீரிலும் தென்படாது. ஆனால் அந்தப் பொருள் மூளையில் விட்டுச் சென்ற மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள்காட்டி உண்டு. ஒன்று விலகும் வேளையில் இன்னொன்று முளைக்கிறது. தங்கள் கடிதத்தில் உள்ள மூன்று கட்டங்களையும் அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

முதலில், அந்த இரண்டு வாரத் தூக்கமும் அழுகையும். டோபமின் மீண்டும் மீண்டும் வெள்ளமாக வரும்போது, அக்கம்பென்ஸ் நரம்பணுக்கள் தங்களைக் காத்துக்கொள்ள முயல்கின்றன. அவற்றின் உட்கருவில் கிரெப் என்ற புரதம் செயல்படத் தொடங்கி, டைனார்பின் என்ற பொருளைச் செய்வதற்கான மரபணுவைத் திறந்துவிடுகிறது. டைனார்பின் திரும்பிச் சென்று டோபமின் சுரப்பைக் கட்டுப்படுத்துகிறது. போதைப் பொருள் வந்துகொண்டிருக்கும் வரை இந்தக் கட்டுப்பாடு ஈடுகொடுக்கிறது. அதனால்தான் பழகியவர்களுக்கு முன்பு போதுமானதாக இருந்த அளவு பின்பு போதாமல் போகிறது. பொருள் நின்ற பிறகும் கட்டுப்பாடு சில நாள்கள் நீடிப்பதால், உள்ள சிறிதளவு டோபமினும் அடங்கிப்போய், உலகமே சாரமற்றுப் போன உணர்வு வருகிறது. தற்கொலை எண்ணம் தோன்றும் ஆபத்தும் அந்த நாள்களில்தான் மிகுதி. தங்கள் மகன் அக்காலத்தை மேற்பார்வையில் கழித்தது நல்லதாயிற்று. கிரெப் விரைவில் அடங்கக்கூடியது. வாரக் கணக்கில் இந்தச் சோர்வு நீங்கிவிடுகிறது. வீட்டார் "தெளிந்துவிட்டான்" என்று சொல்வது இந்த வேளையில்தான்.

இரண்டாவது, அவர் தெளிந்து தோப்பு வேலைக்குப் போன காலம். வெளிப்பார்வைக்கு இது அமைதியான காலம். உள்ளே வேறொரு புரதம் குவிந்து கிடக்கிறது. அதன் பெயர் டெல்டா ஃபாஸ்-பி. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் கோகெயின், மெத்தாம்ஃபெட்டமின் போன்ற ஊக்கப் பொருள்களின் ஆய்வில் நெடுங்காலம் பேசப்பட்டுவரும் புரதம் இது. நரம்பணு கிளர்ச்சியடையும்போதெல்லாம் ஃபாஸ் குடும்பத்துப் புரதங்கள் உண்டாகும். அவற்றில் பெரும்பாலானவை சில மணி நேரத்தில் சிதைந்து மறையும். 1990களில் யேல் பல்கலைக்கழகத்தில் எரிக் நெஸ்ட்லரின் குழுவினர், கோகெயின் நீண்ட நாள் கொடுத்த எலிகளில் மட்டும் அக்குடும்பத்தின் சில வடிவங்கள் மறையாமல் சேர்ந்துகொண்டே போவதைக் கண்டனர். டெல்டா ஃபாஸ்-பி என்பது, ஃபாஸ்-பி மரபணுவிலிருந்தே வெட்டிக் குறுக்கப்பட்ட வடிவம். முழுப் புரதத்தில் 338 அமினோ அமிலங்கள், இதில் 237. வெட்டுப்பட்ட வால் பகுதியில்தான் "என்னைச் சீக்கிரம் சிதைத்துவிடு" என்று செல்லுக்குச் சொல்லும் அடையாளங்கள் இருந்தன. வால் போனதால் அடையாளமும் போயிற்று. போதாததற்கு, செல்லிலுள்ள நொதிகள் அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி இன்னும் உறுதியாக்கிவிடுகின்றன.

தங்கள் ஊர்ப் பனையை நினைத்துப் பாருங்கள். ஒரே பாளையில் வடிந்ததுதான் கள்ளும் கருப்பட்டியும். கள் மறுநாளே புளித்துவிடும். காய்ச்சி இறுகிய கருப்பட்டி மாதக் கணக்கில் பானையில் கிடக்கும். ஃபாஸ் குடும்பத்தில் டெல்டா ஃபாஸ்-பி கருப்பட்டி. ஒவ்வொரு முறை புகைத்தபோதும் சிறிது சிறிதாகச் சேர்ந்தது. நிறுத்திய பிறகும் வாரக் கணக்கில் கரையாமல் நிற்கிறது. அது நிற்கும் வரை பல மரபணுக்களைத் திறந்தும் மூடியும் வைத்திருப்பதால், நரம்பணுக்களின் கிளைகளில் உள்ள முள் போன்ற இணைப்பு முனைகள் பெருகுகின்றன. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், போதைப் பொருள் பழக்கமே இல்லாத எலிகளில் இந்தப் புரதத்தை மட்டும் மரபணு முறையில் மிகுவித்தபோது, அவை கோகெயினுக்கு இயல்பைவிடக் கூடுதலாக ஈர்க்கப்பட்டன. இது எலியோடு நிற்கும் செய்தி அன்று. கோகெயினுக்கு அடிமையாயிருந்து இறந்தவர்களின் மூளைத் திசுவிலும் அதே இடத்தில் இப்புரதம் மிகுந்திருப்பதை 2013இல் கண்டனர்.

மூன்றாவது, பஸ்ஸில் வந்த நடுக்கம். பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். நாள் ஆக ஆக ஏக்கம் குறையும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். 2001இல் ஷஹாம் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு அதற்கு மாறாக இருந்தது. நெம்பை அழுத்திக் கோகெயின் பெறப் பழகிய எலிகளை நிறுத்திவைத்து, பின்னர் வெவ்வேறு நாள்களில் பழைய விளக்கும் ஒலியும் உள்ள கூண்டில் விட்டபோது, முதல் நாளைவிட இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் அவை நெம்பை மிகுதியாக அழுத்தின. ஏக்கம் அடைகாக்கப்படுகிறது என்று இதற்கு ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள், பொருத்தமான பெயர்தான். எது அடைகாக்கிறது என்பதற்கான விடையின் பெரும்பகுதி 2008இல் கிடைத்தது. அக்கம்பென்ஸ் நரம்பணுக்களில், குளுட்டமேட் என்ற தூதுப் பொருளைப் பிடிக்கும் ஏ.எம்.பி.ஏ. வகை ஏற்பிகள் உண்டு. இயல்பான ஏற்பிகள் கால்சியத்தை உள்ளே விடாது. கோகெயின் நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆன எலிகளில், கால்சியத்தைத் தடுக்கும் உறுப்பு இல்லாத வேறுவகை ஏற்பிகள் புதிதாக வந்து பொருந்தியிருந்தன. நினைவையும் இடத்தையும் அச்சத்தையும் சுமந்துவரும் மூளைப் பகுதிகள் குளுட்டமேட் மூலமே அக்கம்பென்ஸுடன் பேசுவதால், இந்தப் புதிய ஏற்பிகள் பழைய இடத்தின் காட்சி ஒன்றுக்கே பன்மடங்காக எதிர்வினை செய்கின்றன. அந்த ஏற்பிகளை மட்டும் தடுத்தபோது எலிகளின் தேடலும் குறைந்தது. அந்த நிறுத்தம் தங்கள் மகனுக்கு எதை நினைவூட்டுகிறது என்பது எனக்குத் தெரியாது. அவருடைய நரம்பணுக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மனிதரில் இது எப்படி என்றால், 2016இல் கோகெயினை விட்டவர்களை வைத்து நடத்திய மூளை மின்னலை ஆய்வைச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் முதல் ஓராண்டு வரை வெவ்வேறு காலம் விலகியிருந்தவர்களிடம், போதைப் பொருள் தொடர்பான படங்களைக் காட்டி மூளையின் எதிர்வினையை அளந்தார்கள். "ஆசை இருக்கிறதா?" என்று வாயால் கேட்டபோது, நாள் ஆக ஆகக் குறைவதாகவே சொன்னார்கள். மூளை அலையோ ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையான காலத்தில் உயர்ந்து, ஓராண்டை நெருங்கும்போதுதான் தணிந்தது. தங்கள் மகன் "ஆசையே இல்லையம்மா" என்று சொல்வதும் உண்மை, அவருடைய கை நடுங்கியதும் உண்மை, இரண்டுக்கும் பகையில்லை. நடுங்கிய கையைக் காட்டி "பொய்யன்" என்று யாரும் அவரைக் குற்றம் சாட்ட வேண்டாம். குடும்பமும் மருத்துவர்களும் காவலைத் தளர்த்துகிற அந்த ஆறு மாதம்தான் புரதங்களின் கணக்கில் கடினமான காலம் என்பதால், ஒரு மாதச் சிகிச்சையோடு முடித்து அனுப்பும் வழக்கம் எனக்கு ஒருபோதும் உடன்பாடானதில்லை.

தாங்கள் செய்யக்கூடியதும் இதிலிருந்தே வருகிறது. "ஆசை இருக்கிறதா?" என்று தினமும் கேட்பதால் பயன் குறைவு, அவரே அறியாத ஒன்றைக் கேட்கிறீர்கள். அந்த நிறுத்தம் வழியாகச் செல்லாத பஸ், பழைய எண்கள் இல்லாத தொலைபேசி, கையில் மொத்தமாகப் பணம் தங்காத ஏற்பாடு ஆகியவை கூடுதலாக உதவும். வெளி நோயாளியாக ஓராண்டாவது தொடர்ந்து மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. மெத்தாம்ஃபெட்டமின் பயன்படுத்தியவர்களின் மூளையில் டோபமின் கடத்திப் புரதமே குறைந்துபோவதை நோரா வோல்கோவ் குழுவினர் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். அவர்களில் ஐந்து பேரை 12 முதல் 17 மாதம் விலகியிருந்த பிறகு மறுபடி அளந்தபோது, அந்தப் புரதம் கணிசமாக மீண்டிருந்தது. ஐந்தே பேர் என்பதையும், கை வேகமும் நினைவும் அதே அளவுக்கு மீளவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆயினும் குறைந்த புரதம் திரும்பக்கூடும் என்பதற்கு அது நேரடியான சான்று.

கேள்வி: ஒரே ஒரு முறை எடுத்தால் மூளை மாறாது, பழகினால்தான் மாறும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?
– கல்லூரி மாணவர், வண்டிப்பெரியாறு

பதில்: சரியன்று. 2001இல் எலிகளுக்கு ஒரே ஒரு முறை கோகெயின் ஊசி போட்டு, மறுநாள் நடுமூளையின் டோபமின் நரம்பணுக்களைப் பார்த்தபோது, அவற்றின் ஏற்பிகள் குளுட்டமேட்டுக்குக் காட்டும் எதிர்வினை வலுப்பட்டிருந்தது. ஐந்தாம் நாளும் அப்படியே இருந்தது. பத்தாம் நாள் இல்லை. ஒரு முறை எடுத்தவரெல்லாம் அடிமையாகிவிடுவார் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் அந்தச் சில நாள்களுக்குள் இரண்டாம் முறை வருமானால், அது விழும் நிலம் முதல் முறைக்கு இருந்த நிலம் அன்று. கேரளத்தில் 'எம்.டி.எம்.ஏ.' என்ற செயற்கைப் போதைப் பொருளின் பெயரில் கைமாறுவதையும் கவனத்தில் கொள்ளுங்கள். உண்மையான எம்.டி.எம்.ஏ. பெரும்பாலும் செரட்டோனின் என்ற வேறொரு தூதுப் பொருளின் கடத்தியைத் தாக்குவது; பொட்டலத்தில் இருப்பது அதுவா, மெத்தாம்ஃபெட்டமினா, இரண்டும் கலந்ததா என்பதை வாங்குபவரும் அறியார், விற்பவரும் பெரும்பாலும் அறியார்.

கேள்வி: நாற்பது ஆண்டு மரம் ஏறிக் கள் இறக்கியவன் நான். கள்ளும் போதைதான், இந்தப் பொடியும் போதைதான் என்று என் பேரன் என்னிடமே வாதம் செய்கிறான். என்ன பதில் சொல்வது?
– சித்தூர் தாலுகா (பாலக்காடு மாவட்டச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் அன்று)

பதில்: பெரியவரே, பேரன் பாதி சரி. சாராயச் சத்தும் அதே அக்கம்பென்ஸில் டோபமினைக் கூட்டுகிறது. நீண்ட நாள் குடித்தால் டெல்டா ஃபாஸ்-பி அங்கும் சேர்கிறது. ஆகவே கள்ளுக்கு நான் நற்சான்று தர மாட்டேன். வேறுபாடு அளவிலும் வழியிலும் உள்ளது. 1988இல் இத்தாலியில் எலிகளின் அக்கம்பென்ஸில் டோபமினை அளந்தவர்கள், மது அதைச் சுமார் இரண்டு மடங்காகவும், கோகெயின் மூன்று மடங்குக்கு மேலும், ஆம்ஃபெட்டமின் ஏறத்தாழப் பத்து மடங்காகவும் உயர்த்தக் கண்டனர். மது சுற்றுவழியில் டோபமின் நரம்பைத் தூண்டுகிறது. ஊக்கப் பொருள்கள் கடத்திப் புரதத்தையே கைப்பற்றுகின்றன. பேரன் வாதத்தை வாதமாக மட்டும்தான் செய்கிறானா என்பதைச் சற்றுக் கவனியுங்கள்.

கேள்வி: என் தம்பி தறி வேலையில் இரவு முழுக்க விழித்திருக்க ஆரம்பித்து மெத் பழக்கத்தில் விழுந்துவிட்டான். மூளையில் சேர்ந்த அந்தப் புரதத்தைக் கரைக்க ஊசியோ மாத்திரையோ உண்டா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸ் வழக்கு வருமா என்றும் பயமாக இருக்கிறது.
– நகரி

பதில்: புரதத்தைக் கரைக்கும் ஊசி இல்லை, வருவதும் எளிதன்று. டெல்டா ஃபாஸ்-பி போதைப் பொருளுக்கென்று தோன்றிய புரதம் அன்று. சக்கரத்தில் தானாக ஓடும் எலியிலும் அது கூடுகிறது. உணவிலும் உழைப்பிலும் மனம் பற்றுவதற்கு உதவும் பொறியைத்தான் போதைப் பொருள் கைப்பற்றியிருக்கிறது. அதை மூளை முழுவதும் துடைத்துவிட்டால் வேறு எவையெல்லாம் துடைபடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அபினி வகைப் போதைக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இருப்பது போல், மெத்தாம்ஃபெட்டமின் அடிமைத்தனத்துக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்த மருந்து எதுவும் இல்லை. 2021இல் வெளியான ஆய்வில், நால்ட்ரெக்ஸோன் ஊசியையும் புப்ரோபியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தபோது 13.6 விழுக்காட்டினரிடம் பலன் தெரிந்தது. வெற்று மருந்து பெற்றவர்களிடம் 2.5 விழுக்காடு. சிறிய பலன், ஆனால் மெய்யான பலன். மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே முயலத்தக்கது. இப்போதைக்கு இவற்றைவிட வலுவான சான்றுள்ள முறை, சிறுநீர்ப் பரிசோதனை தூய்மையாக வரும் ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் சிறு பரிசு தருவது. கேட்டால் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். பழுதுபட்ட வெகுமதிப் பாதைக்கு உடனடி வெகுமதியே புரிகிற மொழி. தம்பிக்கு இரவுத் தறியையும் மாற்றுங்கள், தூக்கம் திரும்பாமல் வேறு எந்தச் சிகிச்சையும் நிற்காது.

வழக்கைப் பற்றி: 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ, சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளான அடிமை ஒருவர் தாமாக முன்வந்து அரசின் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அக்குற்றத்துக்கான வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு அளிக்கிறது. மெத்தாம்ஃபெட்டமினுக்குச் சிறு அளவு என்பது 2 கிராம் வரை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம் என்பதையும் தம்பிக்குச் சொல்லுங்கள். தேசிய உதவி எண் 14446. கேரளப் பக்கத்து வாசகர்கள் கலால் துறையின் விமுக்தி எண் 14405ஐ அழைக்கலாம்.